வீட்டில் எல்லோருக்கும்தான் கொரோனா வந்தது, அப்புறம் எதற்குத் தனி அறை?

கேள்வி, 8 ஜூன் 2024

2021இல் எங்கள் வீட்டில் முதலில் எனக்குத்தான் கொரோனா. ரிப்போர்ட் வந்த அன்றைக்கே தனி அறைக்குப் போய்விட்டேன். சாப்பாடு கதவுக்கு வெளியே, தனித் தட்டு, தனி பாத்ரூம், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். ஒரே வாரத்தில் மனைவி, தம்பி, மகன் என்று எல்லோருக்கும் வந்துவிட்டது. ஒரே மருந்துச் சீட்டை வைத்து எல்லோரும் மாத்திரை சாப்பிட்டோம், எல்லோருக்கும் சரியாகியும் விட்டது. தனிமைப்படுத்தல் என்பது மனுஷனை நோகடிக்கிற கண்துடைப்பு, இதுதான் என் முடிவு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு 11.20

மறுப்பு இருக்கிறது, பாதிக்கு மட்டும். 2020 மே தொடங்கி ஒன்றரை வருஷம் கொரோனா வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். கண்துடைப்பு என்று படித்ததும் சுர்ரென்று ஏறியது. கோபம் தணியட்டும் என்று ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன், தணியவில்லை, எழுதுகிறேன்.

முதலில் தேதிகளைச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்த தேதி எனக்கு வேண்டாம். உங்களுக்கு உடம்பு வலியோ தொண்டைக் கரகரப்போ முதன்முதலில் தெரிந்த நாள் எது? அதே போல மனைவிக்கு, தம்பிக்கு, மகனுக்கு. இந்த நோயில் தனிமையும் சரி மருந்தும் சரி, எல்லாக் கணக்கும் அந்த நாளிலிருந்துதான். வார்டில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டுவதற்கு முன்னாலேயே "சிஸ்டர், இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்றுதான் கேட்பார்.

அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் வைரஸைப் பரப்ப ஆரம்பித்துவிடுகிறார். அறிகுறி தொடங்கும் நாளை ஒட்டித்தான் அது உச்சத்தில் இருக்கும். அப்புறம் நீங்கள் ஒரு நாள் "சாதா ஜுரம்தான்" என்று பார்த்திருப்பீர்கள், அடுத்த நாள் டெஸ்ட் கொடுத்திருப்பீர்கள், அதற்கடுத்த நாள் ரிப்போர்ட். அறைக் கதவைச் சாத்தியபோது ஏறக்குறைய எல்லாம் முடிந்திருக்கும். வெள்ளம் புகுந்த பிறகு அணை போட்டுவிட்டு அணையைத் திட்டக் கூடாது. நோயாளி 14 நாள் தனியாக இருக்க வேண்டும், சரி, ஆனால் அந்த 14 எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி.

9 ஜூன், காலை 6.05

ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் நோயாளிக்கு 14 நாள் என்று எழுதியிருக்கிறேன். தப்பு. 14 என்பது நோயாளியோடு பழகியவர்களுக்குப் போட்ட கணக்கு. வைரஸ் உள்ளே போனால் சராசரியாக 5 நாளில் அறிகுறி தெரியும், மிகத் தாமதமானாலும் 14 நாளுக்குள் தெரிந்துவிடும், அதுவரை காத்திருந்து பார்ப்பது. நோய் வந்தவருக்குப் பரவலாக இருந்த கணக்கு 10 நாள். நம் மொழியில் இரண்டையுமே தனிமைப்படுத்தல் என்று சொல்லிவிட்டதால் வந்த குழப்பத்தில் நானும் ஒருத்தி.

9 ஜூன், மதியம் 2.40

அந்த 10 நாள் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு மறந்திருக்கும். தொடக்கத்தில் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு டெஸ்ட் நெகட்டிவ் வந்தால்தான் நோயாளியை விடுவிக்கலாம் என்று விதி. பிசிஆர் டெஸ்டோ செத்துப்போன வைரஸின் துணுக்குகளைக் கண்டாலும் பாசிட்டிவ் சொல்லும், சிலருக்கு 3 மாதம் வரைகூட. எங்கள் வார்டில் ஒருவர், ஜுரம் இல்லை, இருமல் இல்லை, காலையில் எழுந்து கட்டில்களுக்கு நடுவே வேக நடை போடுவார், 31 நாள் இருந்தார். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் பாசிட்டிவ். "என்னம்மா, பரீட்சையில் இந்தத் தடவையும் ஃபெயிலா?" என்பார். சிரித்துக்கொண்டே கேட்பார், எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியாது. உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு கிட் போட்டிருந்ததில் அந்த ஒரு சௌகரியம்.

பிறகு ஆய்வகங்களில் நோயாளிகளின் மாதிரிகளை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். லேசான நோய் என்றால் 10 நாளுக்கு மேல் உயிருள்ள வைரஸ் ஏறக்குறைய கிடைக்கவில்லை, கடுமையான நோய் என்றால் 20 நாள் வரை கிடைத்தது. 2020 மே கடைசியில் உலக சுகாதார நிறுவனம் விதியை மாற்றியது: அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 நாள், கூடவே அறிகுறி இல்லாத 3 நாள், டெஸ்ட் தேவையில்லை. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021 டிசம்பரில் 5 நாளாகக் குறைத்தது. 2024 மார்ச்சில் நாள் கணக்கையே எடுத்துவிட்டது. மருந்து போடாமல் 24 மணி நேரம் ஜுரம் இல்லாமல் இருந்து, உடம்பும் தேறி வந்தால் வெளியே வரலாம், அடுத்த 5 நாள் மாஸ்க் போன்ற எச்சரிக்கை போதும் என்கிறது.

விதி இப்படி மாறிக்கொண்டே இருந்ததுதான் கண்துடைப்பு என்ற எண்ணத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அது எனக்குப் புரிகிறது.

9 ஜூன், இரவு 10.50

தனித் தட்டு என்று எழுதியிருந்தீர்கள். இதில் நானும் குற்றவாளி. முதல் மூன்று மாதம் கேஸ் ஷீட் ஒவ்வொரு பக்கத்தையும் சானிடைஸர் துணியால் துடைத்தேன். மை கலைந்து, ஒரு நோயாளியின் சர்க்கரை அளவு 180ஆ 130ஆ என்று இரண்டு டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அசுத்தமான பரப்பை ஒரு தடவை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுக்கும் கீழே என்று 2021 ஏப்ரலில் சிடிசி சொன்னபோது எனக்கு அந்த மைதான் ஞாபகம் வந்தது.

இது காற்றில் வருகிற நோய். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், அதில் ஒருவருக்கு அறிகுறி இருந்தது. கடைசியில் நோய் வந்தவர்கள் அவரையும் சேர்த்து 53 பேர், இரண்டு பேர் இறந்துபோனார்கள். யாரும் யார் தட்டிலும் சாப்பிடவில்லை. மூடிய கூடம், வாய் திறந்து பாட்டு, அவ்வளவுதான்.

மருத்துவமனைகளில் இதற்கென்று இருக்கும் அறையில் மணிக்கு 12 முறை காற்று முழுதாக மாறும், உள்ளே இருக்கும் காற்று நடைபாதைக்கு வராதபடி அறைக்குள் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். நாங்கள் வேலை பார்த்தது அப்படிப்பட்ட வார்டு கிடையாது. உயரமான ஜன்னல்களும் எதிரெதிராக இரண்டு கதவுகளும் கொண்ட பழைய கூடம் அது. ஏசி போட்ட புது பிளாக்கில் டூட்டி கிடைத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம், பின்னால் பார்த்தால் அங்கேதான் ஊழியர்கள் அதிகமாகப் படுத்தார்கள். ஜன்னல்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, அங்கே நோயாளிகளும் கூட்டம். ஆனால் அதன் பிறகு ஜன்னல் சாத்திய அறையில் நான் எந்த நோயாளியையும் விட்டதில்லை.

உங்கள் அறையில் ஜன்னல் திறந்திருந்ததா? கதவுக்கு அடியில் இடைவெளி எவ்வளவு? சாப்பாடு வைத்தவர் மாஸ்க் போட்டிருந்தாரா, நீங்கள் போட்டிருந்தீர்களா? தட்டைப் பற்றி யோசித்த அளவுக்கு இதை யோசித்தீர்களா?

10 ஜூன், இரவு 9.15

ஒரே சீட்டில் எல்லோரும் மாத்திரை சாப்பிட்டோம் என்கிற வரிக்கு வருகிறேன். தனிமையைவிட இதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சீட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததா? இருந்தது என்றால் உங்களுக்குச் சரியானது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்த நோய்க்கு இரண்டு முகம். முதல் வாரம் வைரஸ் பெருகும் வாரம். பெரும்பாலானோருக்கு அதோடு அடங்கிவிடும். சிலருக்கு 7ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மிதமிஞ்சிப் போய் நுரையீரலைத் தாக்கும். ஸ்டீராய்டு அந்தச் சக்தியை அடக்கும் மருந்து. இரண்டாவது வாரத்தில் ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவருக்கு உயிர் காக்கும், முதல் வாரத்தில் கொடுத்தால் வைரஸோடு சண்டை போடுகிறவனின் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

இது என் ஊகம் இல்லை. பிரிட்டனில் ரெகவரி என்ற பெரிய ஆய்வு, 2020 ஜூன் 16 அன்று முடிவு சொன்னார்கள். 6 மில்லிகிராம், தினம் ஒரு முறை, அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதம், டெக்ஸா கொடுத்தவர்களில் 29.3. ஆக்ஸிஜனில் இருந்தவர்களிடம் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் கிடையாது, எண்ணிக்கை எதிர்ப்பக்கமாகக்கூட இருந்தது, வழக்கமான சிகிச்சையில் 14.0, டெக்ஸா கொடுத்தவர்களில் 17.8. பல வருஷமாகப் புழங்கும் சாதாரண மருந்து. அந்த முடிவு வந்த வாரம் எங்கள் டாக்டர் ஒருவர் "அலமாரியிலேயே இருந்திருக்கு பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2021இல் அட்மிஷனுக்கு வந்தவர்களில் பலர் மூன்றாம் நாளே ஸ்டீராய்டு ஆரம்பித்திருந்தார்கள், யாரோ அனுப்பிய சீட்டைப் பார்த்து. ஒருவருக்குச் சர்க்கரை 480. ஜுரம் அடங்கிவிட்டது, நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு ஜுரத்தை அடக்கத்தான் செய்யும், உள்ளே நடப்பதை மறைத்துவிடும். கருப்புப் பூஞ்சை என்று பயந்தோமே, அதற்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்த இடம்தான் விளைநிலம்.

10 ஜூன், இரவு 9.40

மேலே எழுதியதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். முதல் வாரத்துக்கும் மருந்து உண்டு, வைரஸைத் தாக்கும் மருந்து. அதில் ஒன்றான பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், வயதானவர்கள், வேறு நோய் உள்ளவர்களுக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது, ஏற்கனவே சாப்பிடும் கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சிலவற்றோடு அது மோதும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இங்கேயும் பாருங்கள், எத்தனாவது நாள் என்ற அதே கேள்வி.

11 ஜூன், காலை 7.30

நோயிலிருந்து தேறியவரின் ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றும் பிளாஸ்மா பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அதே ரெகவரி ஆய்வில் 11,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள், கொடுத்தவர்களிலும் கொடுக்காதவர்களிலும் இறந்தவர்கள் 24 சதவீதம். ஹைட்ராக்ஸிகுளோரோகுவின், அசித்ரோமைசின் இரண்டுக்கும் அதே கதைதான். பிளாஸ்மாவுக்காகக் குடும்பங்கள் ராத்திரி முழுக்க போன் மேல் போன் போட்டு அலைந்ததைப் பார்த்தவள், அதனால் சுருக்கமாக நிறுத்திக்கொள்கிறேன்.

12 ஜூன், இரவு 11.55

நாள் கணக்கு, நாள் கணக்கு என்று இவ்வளவு பேசிவிட்டு இதை மறைத்தால் நியாயமில்லை. என் அம்மாவுக்கு வந்தபோது கணக்கைத் தப்பாகப் போட்டவள் நான்தான்.

டெஸ்ட் எடுத்த நாளை முதல் நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டேன். நான்காம் நாள், பயமில்லை என்று டூட்டிக்குக் கிளம்பினேன். அம்மா போனில் பக்கத்து வீட்டு வம்பை உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை, முகத்தில் வாட்டமில்லை. போகிற போக்கில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை அம்மா விரலில் மாட்டினேன், 88 காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று என் விரலில் மாட்டினேன், 98. அம்மா விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்த்தேன், 87. பிறகு விசாரித்தால், டெஸ்டுக்கு நாலு நாள் முன்பே கை கால் குடைச்சல் இருந்திருக்கிறது. வயசானால் குடையத்தானே செய்யும் என்று சொல்லவே இல்லை. ஆக அது எட்டாம் நாள்.

ஆக்ஸிஜன் குறைவது உடம்புக்கே தெரியாமல் போகும் இந்த விசித்திரத்தை வார்டில் தினம் பார்த்தவள்தான். 82இல் செல்பி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தவரைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் என்றதும் கண் மறைத்துவிட்டது. அம்மா பத்து நாள் ஆக்ஸிஜனில் இருந்து திரும்பி வந்தார். அந்தக் காலண்டர் தாளை இன்னும் கிழிக்கவில்லை.

ஆக்ஸிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். நகப்பூச்சை அழித்துவிட்டுப் பாருங்கள், துடிப்பு அலை நிலையாக ஓடுகிறதா என்று கவனித்துவிட்டு எண்ணைப் படியுங்கள். கறுத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி கவனிக்காமல் விட்ட ஆக்ஸிஜன் குறைவு வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு இருந்தது. அதனால் ஒற்றை எண்ணை நம்பாமல் காலை, மதியம், இரவு எழுதி வையுங்கள், இறங்குமுகமா என்று பாருங்கள். 94க்குக் கீழே போனால் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

14 ஜூன், இரவு 10.10

மனுஷனை நோகடிக்கிறது என்ற சொல்லுக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதியில் உங்கள் பக்கம்தான் நான்.

பிபிஇ கிட்டுக்குள் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்போம், கண் மட்டும்தான் வெளியே, அதுவும் கண்ணாடியில் ஆவி படிந்து பாதி தெரியாது. நோயாளிக்கு வருவது ஆணா பெண்ணா, டாக்டரா துப்புரவுப் பணியாளரா என்றே தெரியாது. மார்க்கரால் நெஞ்சில் பெயர் எழுதிக்கொண்டோம். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத ஒரு பெரியவர் என்னைக் கடைசி வரை "மூணாவது குரல்" என்றே கூப்பிட்டார். ராத்திரி வருகிற குரல்களில் நான் மூன்றாவதாம்.

குப்புறப் படுக்க வைப்பது பெரிய வேலை. குப்புறப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கத்துப் பகுதிகள் விரியும், ஆக்ஸிஜன் ஏறும், கண்ணெதிரே 86 மெல்ல 93 ஆவதைப் பார்க்கலாம். நினைவோடு இருப்பவர் வெறும் சுவரைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் அப்படிக் கிடக்க மாட்டார். போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் முகத்துக்கு நேரே தலையணையில் சாய்த்து வைத்து, வீட்டு ஆட்களைப் பேச வைத்தோம். மகள் பேசினால் மூன்று மணி நேரம்கூடக் கிடப்பார். என் வாயிலிருந்து வந்த எந்த அதட்டலும் அதைச் செய்யவில்லை. அப்புறம்தான் தோன்றியது, வீட்டு ஆள் ஒருவருக்கு ஒரு கிட்டும் ஒரு என்95 மாஸ்க்கும் கொடுத்து, கழற்றும்போது மட்டும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து (போடுவது சுலபம், கழற்றும்போதுதான் தொற்றும்), அரை மணி நேரம் உள்ளே விட்டிருக்கலாமே என்று. நாங்கள் விடவில்லை. கிட் தட்டுப்பாடு என்றோம், அது முதல் சில மாதங்களுக்கு உண்மை. பிறகும் விடவில்லை, பழக்கம் ஆகிவிட்டது.

மூணாவது குரல் என்று கூப்பிட்டவர் விடியற்காலை நாலரைக்குப் போனார். மகன் வாசலில் கட்டிடத்துக்கு வெளியேதான் இருந்தார், நான்கு நாளாக.

15 ஜூன், மதியம் 1.00

கொஞ்சம் திசை மாற்றுகிறேன். குவாரன்டைன் என்ற சொல் வெனிஸ்காரர்களின் 40 என்ற எண்ணிலிருந்து வந்தது, கப்பல்களை 40 நாள் நிறுத்தி வைப்பார்கள். அதற்கு முன்பே 1377இல் ரகூசா, இன்றைய டுப்ரோவ்னிக், 30 நாள் என்று சட்டம் போட்டது. ஆக நாள் எண்ணிக்கையில் பேரம் பேசுவது அறுநூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்ஸஸ் கப்பலை நிறுத்தி வைத்தபோது உள்ளே 3,711 பேர், கடைசியில் 712 பேருக்குத் தொற்று. பயணிகளை அறைக்குள் அடைத்தார்கள், அவர்களுக்குச் சேவை செய்த ஊழியர்களோ அறையைப் பகிர்ந்துகொண்டு, வேலையையும் செய்துகொண்டிருந்தார்கள். யாரை அடைக்கிறோம், யார் நடமாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இது உங்கள் வீட்டுக்கும் பொருந்துமோ என்று ஒரு சந்தேகம், தேதி வரட்டும்.

17 ஜூன், இரவு 8.30

கேள்வி கேட்ட நண்பர் தேதிகளை எடுத்து அனுப்பிவிட்டார், பழைய வாட்ஸ்அப்பைத் துழாவி. நன்றி. கணக்குப் போடுவோம்.

உங்களுக்கு உடம்பு வலி திங்கள். டெஸ்ட் புதன். ரிப்போர்ட்டும் தனி அறையும் வியாழன் இரவு. மனைவிக்கு ஜுரம் வெள்ளி. தம்பிக்குத் தொண்டை வலி சனி. மகனுக்கு ஜுரம் அடுத்த வியாழன்.

வெள்ளிக்கிழமை ஜுரம் என்றால் நாலைந்து நாள் பின்னால் போங்கள், ஞாயிறு அல்லது திங்கள். தம்பிக்கு திங்கள் அல்லது செவ்வாய். நீங்கள் அப்போது கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்திருந்தீர்கள். மகனுக்குக் கணக்கிட்டால் சனி, ஞாயிறு வருகிறது, நீங்கள் அறைக்குள் இருந்த நாட்கள். அவன் படுத்தது யார் பக்கத்தில்? ஜுரத்தோடு இருந்த அம்மா பக்கத்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்தான் எல்லோருக்கும் சமைத்து, எல்லோருக்கும் கொடுத்து நடமாடியவர், அவரை யாரும் தனியாக விடவில்லை. வைரஸ் இரண்டு நாளிலும் வெளிப்படலாம், பத்து நாளும் எடுக்கலாம், அதனால் இதைத் தீர்ப்பு மாதிரி சொல்லவில்லை. ஆனால் உங்கள் கதவு சாத்திய பிறகு உங்களிடமிருந்து யாருக்காவது போனதற்கு இந்தத் தேதிகளில் சாட்சி எதுவும் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று. கடைசி வரியில் போகிற போக்கில் "பாட்டி பின்கட்டு அறையில் இருந்தார், அவருக்கு ஒன்றும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் எல்லோருக்கும் வந்தது என்றீர்களே, பாட்டியை எண்ணவில்லையா? 79 வயது, பின்கட்டு, இரண்டு பக்கமும் ஜன்னல், திங்கட்கிழமை நீங்கள் இருமியதும் "அந்தப் பக்கம் போ" என்று உங்களை விரட்டியவர். வார்டில் எங்களுக்கு இப்படி ஒரு சூப்பர்வைசர் இருந்திருக்கலாம்.

18 ஜூன், காலை 6.20

ராத்திரி பாட்டியை வைத்து ஜெயித்துவிட்டேன் என்று தூங்கப் போனேன், விழிப்பு வந்ததும் உறுத்துகிறது. பாட்டிக்கு யாராவது டெஸ்ட் எடுத்தார்களா? அறிகுறியே இல்லாமல் வந்து போகிறவர்கள் நிறைய உண்டு, அந்த வயதில் சோர்வும் பசியின்மையும் மட்டும் காட்டிவிட்டுப் போவதும் உண்டு. அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினாரா, சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினாரா என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். பாட்டியிடமே கேட்க முடிந்தால் இன்னும் நல்லது, நான் விசாரித்ததாகவும் சொல்லுங்கள்.

18 ஜூன், இரவு 9.05

"எனக்கு ஒண்ணும் இல்லை, உங்க எல்லாரையும் பார்த்துத்தான் தூக்கம் கெட்டது" என்றாராம். சரி பாட்டி.